கேஜில் இறங்கிய கோழி

என் மகள் படிக்கும் பெங்களூர் பள்ளிக்கூடத்திலிருந்து போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. புத்தக வாரம் கொண்டாடப் போகிறார்களாம். பெற்றோர் யாராவது வந்து வகுப்பில் கதை சொல்லலாமாம். பிள்ளைகள் சத்தமே போடாமல் உட்கார்ந்து கேட்பார்கள் என்று கடைசியில் ஒரு வரி, அதன் பக்கத்தில் உதட்டில் விரல் வைத்த ஒரு மஞ்சள் மூஞ்சி. அந்த மூஞ்சியைப் பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. போனைத் தூக்கி சோபாவில் எறிந்தேன். மகள் பயந்துபோய்ப் பார்த்தாள். பாவம், அவளுக்கும் அந்த மூஞ்சிக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் என் மாமாவுக்குத்தான். அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர். தங்கவயலில் மைசூர் மைன்ஸ் பக்கம், சுரங்கத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் எங்களோடுதான் இருந்தார். சுரங்கம் மூடுகிற வரைக்கும் அண்டர்கிரவுண்டில் வேலை. மூடிய பிறகு ஒரு ஆட்டோ. ராபர்ட்சன்பேட்டைக்கும் பேத்தமங்களாவுக்கும் ஆளேற்றிக்கொண்டு ஓடுவார். நல்ல சவாரி கிடைப்பதே சாயங்காலத்தில்தான். ஆனால் இருட்டுவதற்கு முன்னால் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிடுவார். "ஆறு மணி ஆனா மச்சானுக்கு ஆட்டோ ஓடாது, கோழி மாதிரி அடைஞ்சுடுவான்" என்று அப்பா கிண்டல் செய்வார். மாமாவும் சிரிப்பார். அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. ஏன் மாமா என்று கேட்டால் அந்தக் கோழிதான் கொத்திவிட்டது என்பார். எந்தக் கோழி என்று நாங்கள் கேட்கவே வேண்டாம். அந்தக் கோழி எங்களுக்கு வீட்டு ஆள் மாதிரி.

அது ஒரு கதை. கோழி ஒன்று முட்டையிட்டது. முட்டை உருண்டு உருண்டு, சுரங்கத்துக்கு இறங்கும் கிணறு மாதிரிக் குழியான ஷாஃப்டுக்குள் விழுந்துவிட்டது. கோழி சும்மா இருக்குமா? காலை ஷிப்டுக்குப் போகிறவர்களோடு வரிசையில் நின்று, ஒரு ஆளின் சாப்பாட்டுத் தூக்குக்குப் பின்னால் ஒளிந்து, கேஜில் ஏறிவிட்டது. கேஜ் என்றால் ஆட்களை பூமிக்குள் இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டு. அது கிளம்புவதற்கு அடிக்கும் பெல்லை, மாமா டம்ளரில் கரண்டியால் தட்டிக் காட்டுவார். அப்புறம் ஒவ்வொரு லெவலிலும் கோழி இறங்கி, "என் முட்டையப் பாத்தீங்களா?" என்று கேட்கும். ஒரு லெவலில் பெருச்சாளி மேஸ்திரி, "ஷிப்டு நேரத்துல கேள்வி கேக்காத, இன்னும் கீழ போ" என்று விரட்டும். இன்னொரு லெவலில் தவளை, கால் நனைகிறது என்று யூனியனில் புகார் சொல்லிக்கொண்டிருக்கும். தினமும் ஒரு லெவல் கூடும், ஒரு பிராணி கூடும். கடைசி லெவலில் கோழி தன் குஞ்சைக் கண்டுபிடித்துவிடும். முட்டை அங்கேயே பொரிந்து, குஞ்சு தூசு படிந்து கறுப்பாக நிற்கும். அம்மாவும் பிள்ளையும் கேஜுக்காகக் காத்திருப்பார்கள்.

அவ்வளவுதான். கதை அங்கே நின்றுவிடும். "கேஜ் வந்துச்சா மாமா?" என்றால், "வரும் பாப்பா." "எப்போ?" "நாளைக்கு." மறுநாள் மறுபடி முட்டை உருளும். கோழியை அவர் ஒருநாளும் மேலே கொண்டுவந்ததில்லை. பெரிய போக்கிரி, கதை தீர்ந்துவிட்டால் நான் பக்கத்தில் வந்து உட்கார மாட்டேன் என்றுதான் இழுக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

கதைக்கு ஒரு சட்டம் உண்டு. உம் கொட்ட வேண்டும். எல்லா வீட்டிலும் உள்ளதுதான், ஆனால் மாமாவுக்கு அதில் ஒரு பிடிவாதம். ஒரு வாக்கியம் சொல்வார், நிறுத்துவார், நான் "உம்" என்றால்தான் அடுத்தது. கரண்ட் போன சாயங்காலங்களில் நானும் தம்பியும் வேண்டுமென்றே வாயை மூடிக்கொள்வோம். உடனே மாமாவின் குரல் மாறும். "பாப்பா? பாப்பா, முழிச்சிக்கினு இருக்கியா?" என்பார். தட்டுத்தடுமாறித் தீப்பெட்டி தேடுவார். குச்சி உரசுகிற வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்து நாங்கள் இருவரும் குபீரென்று சிரிப்போம். எங்களுக்கு அதைவிட நல்ல விளையாட்டு இல்லை. அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து வந்து எங்கள் முதுகில் ஒன்று வைப்பாள். இதற்கெல்லாமா அடிப்பார்கள் என்று எனக்கு ரோஷமாக வரும்.

அப்படியிருக்கையில்தான் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் வந்தார். நாங்கள் பெரிய மிஸ் என்போம். மைசூர்க்காரர், நல்ல மனுஷி. லைன் வீட்டுப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை என்பதில் அவருக்கு நிஜமாகவே வருத்தம். அந்த வருஷம் புத்தக வாரம் என்று ஒன்றைத் தொடங்கினார். வராந்தாவில் கொடி கட்டி, துணி உலர்த்துவது மாதிரி புத்தகங்களை கிளிப் போட்டுத் தொங்கவிட்டார்கள். நாங்கள் அதன் அடியில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்து ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டோம். கடைசி நாள் கதை சொல்லும் விழா. வீட்டுப் பெரியவர்கள் வந்து ஒரு புத்தகத்திலிருந்து கதை சொல்ல வேண்டும். யாருடைய வீட்டுக் கதை நன்றாக இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு, மேஜைமேல் வைத்திருந்த ஒரு பெரிய புத்தகம். கடல் பிராணிகள் பற்றியது. அட்டையிலே ஒரு திமிங்கலம் பளபளவென்று இருந்தது. நான் கடலைப் பார்த்ததில்லை. அந்தத் திமிங்கலம் எனக்கு வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மாமா முதலில் பிடிகொடுக்கவில்லை. "எனக்கு இன்னா பாப்பா தெரியும்? உங்கப்பாவ இட்டுக்கினு போ."

"அப்பாக்குக் கதையே தெரியாது."

"எனக்கும் ஒண்ணுதான தெரியும்?"

"அதச் சொன்னா போதும். ஆனா கோழி மேல வரணும் மாமா. முடிவு இல்லைன்னா அது கதையே இல்லன்னு பெரிய மிஸ் சொன்னாங்க."

மாமா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். அம்மா உள்ளேயிருந்து, "அவன வுடேன், சும்மா தொந்தரவு குடுத்துக்கினு" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகை என்றால் சாதாரண அழுகை இல்லை, லைன் முழுக்கக் கேட்கிற அழுகை. மாமா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் குந்தினார்.

"சரி, வுடு. அன்னிக்கு மேல இட்டாந்துடறேன்" என்றார். "நீ மட்டும் உம் கொட்டிக்கினே இருக்கணும். வுட்டுட்டு வேடிக்கை பாக்கக் கூடாது. இன்னா?"

"உம்" என்றேன்.

புத்தகத்துக்கு எங்கே போவது? வீட்டில் இருந்ததில் கனமானது ஒரு பழைய டெலிபோன் டைரக்டரிதான். அதற்குக் காக்கி அட்டை போட்டு, மேலே ஒரு கோழிப் படம் வரைந்து ஒட்டினேன். கோழி என்னவோ மயில் மாதிரி வந்துவிட்டது. டைரக்டரியில் கோழி நம்பர் இருக்கிறதா என்று அப்பா கேட்டுக் கேட்டுச் சிரித்தார். மாமா மட்டும் அதை மடியில் வைத்து, மடங்காத விரல்களால் மெதுவாகப் பக்கம் திருப்பிப் பழகினார். உண்மையிலேயே வாசிக்கிற மாதிரி, அடுத்த பக்கம் போவதற்கு முன்னால் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டார். விழா அன்று அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டதை நான் பார்த்தேன். காக்கியைத் தவிர வேறு சட்டை அவரிடம் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பெரிய மிஸ் ஹாலை அழகாகத் தயார் செய்திருந்தார். கதைக்கு ஒரு சூழல் வேண்டும் என்பது அவர் எண்ணம். ஜன்னல்களையெல்லாம் சாத்தி, மேடைத் திரைத்துணியைக் கொண்டுவந்து மறைத்து, விளக்குகளை அணைத்திருந்தார். பட்டப்பகலில் அந்த ஹால் அப்படி இருட்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை. முன்னால் ஒரு நாற்காலி, பக்கத்தில் ஒரே ஒரு மேஜை விளக்கு. கதை சொல்கிறவர் மேல் மட்டும் வெளிச்சம் விழும். நாங்கள் எல்லோரும் இருட்டில் தரையில். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் ஒரு பேங்க் ஆபீசர் வந்தார், என் வகுப்புப் பெண் ஒருத்தியின் அப்பா. இங்கிலீஷில் ஒரு ராஜகுமாரி கதை வாசித்தார். ஒரு சத்தமில்லை. அவர் பக்கம் திருப்புவது கடைசி வரிசை வரை கேட்டது. பெரிய மிஸ்ஸுக்கு முகமெல்லாம் சந்தோஷம். இப்படித்தான் கேட்க வேண்டும் பிள்ளைகளே என்றார்.

அடுத்தது மாமா. வாசலிலேயே தயங்கி நின்றுவிட்டார். "இன்னாம்மா இவ்ளோ இருட்டா கீது?" என்று அங்கிருந்த டீச்சரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கண்ணைச் சுருக்கி எங்களைத் தேடினார். விளக்கு அவர் முகத்தில் அடித்ததால் எதுவும் தெரிந்திருக்காது.

"எல்லாரும் உம் சொல்லிக்கினே இருக்கணும், சரியா?" என்றார்.

"உம்ம்ம்!" என்று ஹாலே கத்தியது. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. முட்டை உருண்டது, உம். ஷாஃப்டுக்குள் விழுந்தது, உம்ம். கேஜ் பெல்லுக்கு மேஜையில் தட்டினார், சிரிப்பு. பெருச்சாளி மேஸ்திரி வந்தபோது எல்லோரும் புரண்டு சிரித்தார்கள். எத்தனை வீட்டில் மேஸ்திரியிடம் திட்டு வாங்கியவர்கள் இருந்தார்கள்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. திமிங்கலம் பாதி என் கைக்கு வந்துவிட்டது. அப்போதுதான் பின்வரிசைப் பையன் ஒருவன் எருமை மாதிரி "உம்ம்மா" என்று கத்த, அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர் கத்த, பெரிய மிஸ் எழுந்தார்.

"பிள்ளைகளா, ஃபிங்கர் ஆன் லிப்ஸ். கதையைக் காதால கேக்கணும், வாயால இல்ல." பிறகு மாமாவிடம் மரியாதையாக, "நீங்க சொல்லுங்க சார், இனிமே தொந்தரவு இருக்காது" என்றார்.

ஹால் முழுக்க விரல்கள் உதட்டுக்குப் போயின. என் விரலும் போயிற்று. ஸ்கூலில் அப்படிச் சொன்னால் போகத்தான் வேண்டும்.

மாமா ஒரு வாக்கியம் சொன்னார். நிறுத்தினார். ஒன்றுமில்லை. அடுத்த வாக்கியம் சொன்னார். மறுபடி நிறுத்தினார். தவளையும் யூனியனும் வந்தன, ஆனால் வீட்டில் சொல்கிற மாதிரி இல்லை. குரல் தேய்ந்துகொண்டே போயிற்று. டைரக்டரியின் பக்கங்களைத் திருப்ப மறந்துவிட்டார். எப்படியோ கடைசி லெவலுக்கு வந்தார். கறுத்துப்போன குஞ்சைக் கோழி கண்டுபிடித்தது. இரண்டும் கேஜுக்குக் காத்திருந்தன. வழக்கமாக நிற்கிற இடம்.

"அப்போ..." என்றார் மாமா. "அப்போ தூரத்துல பெல் சத்தம் கேட்டுச்சு."

அதுவரை ஒருநாளும் கடைசி லெவலில் பெல் அடித்ததில்லை. கேஜ் வருகிறது! சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்!

"கேட்டுச்சா?" என்றார் மாமா.

யாரும் பேசவில்லை.

"பாப்பா? முழிச்சிக்கினு இருக்கியா?"

இரண்டு மூன்று பேர் கிளுகிளுவென்று சிரித்து என் பக்கம் திரும்பினார்கள். நான் விரலை இன்னும் அழுத்தி உதட்டில் வைத்துக்கொண்டேன். பெரிய மிஸ் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒழுங்காக இருந்தால்தான் திமிங்கலம் கிடைக்கும். இன்னும் ஒரு வாக்கியம், மாமா, கேஜ் வந்து கதவு திறந்தது என்று சொல்லிவிடேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

மாமா எழுந்தார். மேஜை விளக்கைக் கையில் எடுத்து எங்கள் பக்கம் திருப்பப் பார்த்தார். வயர் எட்டவில்லை. இழுத்தார். பிளக் பிடுங்கிக்கொண்டு விளக்கு அணைந்தது. ஹாலில் கும்மிருட்டு. அந்த இருட்டில் அவர் குரல் கேட்டது.

"மச்சான்! உம் சொல்லு மச்சான்! தூங்காத மச்சான், உம் சொல்லு!"

ஹால் வெடித்துச் சிரித்தது. யார் அந்த மச்சான்? எனக்கே புரியவில்லை. அப்பாவை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார். யாரோ ஓடிப்போய் விளக்குகளைப் போட்டார்கள். மாமா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அந்த வெள்ளைச் சட்டை தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி முதுகோடு ஒட்டியிருந்தது. கீழே விழுந்திருந்த டைரக்டரியைப் பொறுக்கினார். அட்டை கிழிந்து உள்ளேயிருந்த பேரும் நம்பரும் எல்லோருக்கும் தெரிந்தன. "வண்டில ஆளுங்க காத்துக்கினு இருக்காங்கம்மா" என்று பெரிய மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் பார்க்காமலே வெளியே போய்விட்டார்.

அடுத்த பரீட்சை வரைக்கும் வகுப்பில் என் பெயர் மச்சான்தான். ராஜகுமாரிக்குத் திமிங்கலம் போயிற்று. பெரிய மிஸ் என்மேல் இரக்கப்பட்டு, கொடியில் தொங்கிய புத்தகங்களில் ஒன்றை எனக்குக் கொடுத்தார். நான் வீட்டுக்கு வந்து மாமாவோடு பேசவில்லை. அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். அதை முடித்து அடுத்ததைக் கேட்டு வாங்கினேன். அதற்கடுத்ததையும். புத்தக வாரம் பலித்ததா என்று பெரிய மிஸ்ஸை யாராவது கேட்டிருந்தால் தாராளமாக என்னைக் கைகாட்டியிருக்கலாம். லைனிலேயே என்னைப்போலப் படிக்கிற பிள்ளை இல்லை என்று பெயர் வாங்கினேன்.

கோபம் தீர்ந்த பிறகு ஒருநாள் நானாகவே போய், கேஜ் வந்துச்சா மாமா என்று கேட்டேன். "நீதான் நல்லா படிக்கிறியே பாப்பா. அதுலயே எல்லாம் இருக்கும்" என்றார். அதற்குப் பிறகு எனக்கோ தம்பிக்கோ அவர் கதை சொல்லவே இல்லை. ஆனால் ராபர்ட்சன்பேட்டையில் பழைய பேப்பர் கடையில் கிடைக்கிற புத்தகங்களை ஆட்டோ சீட்டுக்கு அடியில் வைத்து எனக்குக் கொண்டுவருவார். தமிழ், கன்னடம், இங்கிலீஷ், எது கையில் அகப்பட்டாலும் சரி. சாயங்காலம் நான் படிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இன்னா போட்டுக்கீது அதுல?" என்பார். "சும்மா இரு மாமா, படிக்கிறேன்" என்பேன். சும்மா இருப்பார். இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. அதில் என்ன போட்டிருக்கிறது என்று சொன்னால் குறைந்தா போயிருப்பேன்?

நான் காலேஜில் படிக்கும்போது மாமா போய்விட்டார். நுரையீரலில் தூசு. எங்கள் ஊரில் அந்த வயசு ஆண்கள் பலருக்கும் அதுதான். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, அம்மா அந்த வெள்ளைச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். நான் ஸ்கூலில் நடந்ததைச் சொல்லி, அன்னிக்கு மாமா எதுக்கு அப்படிப் பண்ணாரு என்று கேட்டேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். அம்மா சிரிக்கவில்லை.

"அவனும் அவன் கூட்டாளியும் ஒரே கேங்குல வேலை செஞ்சாங்க. அந்தப் புள்ளையோட தங்கச்சியத்தான் இவனுக்குப் பேசி வெச்சிருந்தோம். மச்சான் மச்சான்னுதான் கூப்புட்டுப்பாங்க. ஒருநாள் உள்ள பாறை வெடிச்சு சரிஞ்சு ரெண்டு பேரும் அந்தப் பக்கம் மாட்டிக்கினாங்க. லைட்டு போச்சு. அந்தப் புள்ளைக்கு இடுப்புக்குக் கீழ கல்லு. தூங்கிட்டா போயிடுவான்னு இவன் கதை சொல்லிக்கினு இருந்தானாம், உம் சொல்லு உம் சொல்லுன்னு. கேஜ் வரும், மேல போயிடலாம்னு. கல்ல நோண்டிக்கினு உள்ள போனவங்களுக்கு மொதல்ல கேட்டதே அந்தக் கோழிக் கதைதானாம்."

"அவரு?"

"அந்தப் புள்ள எப்பவோ போயிட்டான். இவன் நிறுத்தல. உம் வரும் வரும்னு சொல்லிக்கினே இருந்துக்கறான்." அம்மா சட்டையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். "உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினான். பசங்க சிரிக்குதுங்க, அது போதும்னான். அதான் நான் அன்னிக்கு அவன வுடுன்னேன். நீ எங்க கேட்ட?"

சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று எல்லோரும் ஆறுதல் சொல்வார்கள். சொல்லட்டும். அது உண்மைதான். அத்தனை வருஷம் அதே இருட்டில் காத்துக்கொண்டிருந்த கோழியை, எனக்காக, ஒரு திமிங்கலப் படத்துக்காக, ஒரு மனுஷன் மேலே ஏற்றிவிடத் துணிந்தார். பெல் வரைக்கும் அடித்துவிட்டார். அவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேண்டியிருந்தது ஒரே ஒரு உம்.

மூன்றாவது வரிசையில் விரலை உதட்டில் அழுத்திக்கொண்டிருந்த எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? முழிச்சிக்கினு இருக்கியா என்று அவர் கேட்டபோது, இத்தனை பேர் முன்னால் என்னைத் தூங்குமூஞ்சி என்கிறாரே என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, நான் தூங்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்படி கண்ணை மட்டும் நன்றாக அகல விரித்து வைத்துக்கொண்டேன்.